ஃபிட்ஸ் நின்ற பிறகும் படிப்பு ஏன் ஏறவில்லை?

கேள்வியில் இருந்த விவரம் சுருக்கமாக: ஏழு வயதுப் பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. பிறந்த இரண்டாம் நாள் பால் சரியாகக் குடிக்காமல் சர்க்கரை இறங்கி, ஃபிட்ஸ் வந்து, பெட்டியில் வைத்திருந்தார்கள். ஏழாம் மாதம் தலை குப்பென்று கவிழ்ந்து கவிழ்ந்து எழும் வலிப்பு. ஊசி போட்டதில் நின்றது. நாலு வயதில் மறுபடி ஃபிட்ஸ். இப்போது லெவிடிரசெட்டம், க்ளோபசாம் இரண்டும் போகிறது. ஒன்றரை ஆண்டாக எதுவும் வரவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறாள், பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுத வரவே இல்லை, புத்தகத்தில் படிக்கத் திணறுகிறாள், கணக்கில் இலக்கங்கள் இடம் மாறுகின்றன. போதாக்குறைக்கு, மூன்று மாதமாக முதல் நாள் படித்தது மறுநாள் நிற்பதில்லை. "மாத்திரையாலா, ஃபிட்ஸாலா, மூளையில் அடிபட்டதாலா? வளர வளரச் சரியாகிவிடுமா?"

மூன்றாலும் வரும். ஒரே குழந்தையிடம் மூன்றும் சேர்ந்தும் இருக்கும். எது எவ்வளவு என்று பிரித்தால்தான் என்ன செய்வது என்று தெரியும். பிரிப்பதற்கு ஸ்கேனைவிட முதலில் உதவுவது ஒரு கேள்வி: இந்தக் கஷ்டம் எப்போதிலிருந்து? தொடக்கத்திலிருந்தே ஒரே மாதிரி இருப்பது பெரும்பாலும் பழைய மூளைப் பாதிப்பின் கணக்கு. நன்றாக இருந்து நடுவில் சரிந்தது என்றால் மூளையின் மின்கசிவு (வலிப்புக்கு அடிப்படையான தாறுமாறான மின் அலை) அல்லது மாற்றிய மருந்து. காலையில் ஒரு மாதிரி மாலையில் ஒரு மாதிரி, இன்று உண்டு நாளை இல்லை என்று வந்து போவது என்றால் கண்ணில் படாத சிறு ஃபிட்ஸ், தூக்கக் குறைவு, மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு வகை இருக்கிறது: கரும்பலகையும் கணக்கும் தொடக்கத்திலிருந்தே, மறதி மூன்று மாதமாக. இரண்டையும் "படிப்பு மந்தம்" என்று ஒரே பையில் போட்டால் இரண்டுக்குமே வைத்தியம் நடக்காது.

வலிப்பு மருத்துவரிடம் போகும்போது பேச்செல்லாம் "ஃபிட்ஸ் வந்ததா, வரவில்லையா" என்பதோடு முடிந்துவிடுகிறது. இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிப் பள்ளிகளில் வலிப்புள்ள 85 குழந்தைகளை முழுமையாகப் பரிசோதித்து 2014ல் வெளியிட்ட ஆய்வில், 80 சதவீதத்தினருக்கு நடத்தைச் சிக்கலோ அறிவுத்திறன் குறைவோ இரண்டுமோ இருந்தன. நடத்தைச் சிக்கல் இருந்தவர்களில் ஏற்கெனவே அது கண்டறியப்பட்டிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மருத்துவ வசதி பெருகிய நாட்டிலேயே அந்த நிலை. ஆகவே நீங்களாகக் கேட்டால் ஒழிய யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் பழைய பாதிப்பு. பிறந்த குழந்தையின் ரத்தச் சர்க்கரை 45 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். நீண்ட நேரம் மிகவும் தாழ்ந்து, ஃபிட்ஸும் வந்தால், மூளையின் பின்பகுதி இரண்டு பக்கமும் அடிபடுவதுதான் வழக்கம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். "பாரைட்டோ-ஆக்சிபிட்டல் கிளையோசிஸ்" (பின்பகுதியில் தழும்பு) என்று எழுதியிருந்தால் அதுதான் இது. ஏழாம் மாதத்தில் வந்த தலை கவிழும் வலிப்பும் இந்தப் பாதிப்பைத் தொடர்ந்து அடிக்கடி வருவது.

மூளையின் பின்பகுதி பார்வைக்கானது. கண் நன்றாக இருக்கும், கண் டாக்டர் 6/6 என்று எழுதிக் கொடுப்பார், கண்ணாடியும் தேவைப்படாது. ஆனால் கண் அனுப்பும் காட்சியைப் பிரித்து எடுத்துக்கொள்ளும் இடம் பழுது. மூளைசார் பார்வைக் குறைபாடு என்பார்கள். ஒரு பொருள் தனியாக இருந்தால் அடையாளம் தெரியும், பத்துப் பொருளுக்கு நடுவே இருந்தால் தெரியாது. எது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. இப்படிப்பட்ட குழந்தை நன்றாகப் பேசும், கேட்டது மனதில் நிற்கும், எழுத்து வேலையில் மட்டும் விழும். அதனால் "நல்லாப் பேசுறா, வேணும்னே எழுத மாட்டேங்கிறா" என்று அடி வாங்குவதும் இந்தக் குழந்தைகள்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு தபால் அட்டை அளவு வெள்ளை அட்டையில் ஓர் எழுத்து மட்டும், இரண்டு அங்குல உயரத்தில், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். இப்படி இருபது எழுத்து. ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். பிறகு அதே இருபது எழுத்தையும் அவளுடைய பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் விரல் வைக்காமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அட்டையில் பதினெட்டு சொல்லி, பக்கத்தில் ஆறு ஏழோடு நின்றால், அவளுக்கு எழுத்து தெரியும், நெரிசல்தான் தடை. அட்டையிலும் தெரியவில்லை என்றால் வேறு வழியில் தேட வேண்டும். இதோடு இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள்: படியில் இறங்கும்போது காலால் துழாவுகிறாளா, தரை டைல்ஸின் நிறம் மாறும் இடத்தில் தயங்குகிறாளா, கூட்டத்தில் உங்களைத் தேடும்போது நீங்கள் குரல் கொடுத்தால்தான் வருகிறாளா, தட்டில் கீழ்ப்பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு எழுகிறாளா. கடைசியில் சொன்னதும் படி இறங்கும் தடுமாற்றமும் சேர்ந்திருந்தால், பார்வைப் புலத்தின் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பின்) கீழ்ப்பாதி குறைந்திருக்கலாம். கண் மருத்துவரிடம் "கண்ணை மட்டுமல்ல, பார்வைப் புலத்தையும் பாருங்கள்" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

தமிழ் எழுத்தே இந்தக் குழந்தைகளுக்குக் கூடுதல் சோதனை என்பதையும் சொல்ல வேண்டும். "கொ" என்பதைப் படிக்க, க-வின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு குறிகளையும் ஒரே பார்வையில் பிடித்தாக வேண்டும். இடக்குறி மட்டும் பிடிபட்டால் "கெ", வலக்குறி மட்டும் என்றால் "கா". "கௌ" வந்தால் கடைசியில் இருப்பதைத் தனி ள என்றே படித்துவிடுவாள். ஆசிரியருக்கு இது கவனக்குறைவாகத் தெரியும். தப்புகளை ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒ, ஓ, ஔ வரிசையிலேயே பெரும்பாலும் சறுக்கினால் காரணம் தெளிவாகிவிடும்.

செய்ய வேண்டியவை செலவில்லாதவை. காலண்டர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்கு நீளமாகச் சாளரம் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் நகர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து 20 முதல் 24 புள்ளி அளவில், வரிக்கு வரி இரட்டை இடைவெளி விட்டு நகலெடுத்துக் கொடுங்கள். வெறும் பெரிதாக்குவது போதாது, இடைவெளிதான் முக்கியம். பக்கத்துக்கு நாலு கணக்குக்கு மேல் வேண்டாம். கட்டம் போட்ட நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். கரும்பலகையிலிருந்து எழுதுவதை அறவே நிறுத்தச் சொல்லுங்கள். பலகைக்கும் நோட்டுக்கும் மாறி மாறிப் பார்க்கும்போது விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதிலேயே அவள் சக்தி போய்விடும். எழுதியதை அவள் மேசையில் வைத்தால் போதும். கீழ்ப் பார்வை குறைவாக இருந்தால் புத்தகத்தைச் சாய்மேசையில் நிமிர்த்தி வையுங்கள். புதிய பாடம் எதுவானாலும் முதலில் காது வழியாகப் போகட்டும்: வாசித்துக் காட்டி, பேசி, பதில் வாங்கி, கடைசியில் எழுத்து.

பிறவிக்கால பாதிப்பு எல்லாமே இந்த மாதிரி இருக்காது. குறைமாதக் குழந்தைகளில் மூளை அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதி அடிபடும். கால் இறுக்கத்தோடு இடம், திசை, வடிவம் சார்ந்த சிரமம் வரும். பிறந்ததும் அழாத குழந்தைகளில் மூச்சுத் திணறல் எப்படி, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து ஆழ்பகுதியோ, ரத்தக் குழாய்களின் எல்லைப் பகுதியோ அடிபடும். முன்னதில் உடல் இயக்கம் அதிகம் கெடும், பின்னதில் கை கால் ஓரளவு நன்றாக இருந்து பேச்சும் படிப்பும் பின்தங்கும். மூச்சுத் திணறலோ கடும் மஞ்சள் காமாலையோ இருந்த குழந்தைக்கு, பேச்சு தாமதம் என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன், ஒலிக்கு மூளை காட்டும் மின் அலையைப் பதியும் பெரா சோதனையில் காதைப் பார்த்தாக வேண்டும்.

பிறப்பை ஒட்டி இடது மூளையில் பக்கவாதம் வந்த குழந்தைகளின் கதை வேறு. பெரியவருக்கு அதே இடத்தில் வந்தால் பேச்சு போய்விடும். குழந்தைக்குப் போவதில்லை, வலது மூளை பேச்சை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் குடியேறிய மாதிரி, பேச்சு வந்து உட்கார்ந்ததில் வலது மூளையின் சொந்த வேலையான வடிவம், இடம், வரைதல் இவற்றுக்கு இடம் குறைந்துபோகும். "குழந்தை மூளை எதையும் ஈடுகட்டிவிடும்" என்பது பாதி உண்மை. சின்ன வயதில் அடிபட்டால் நன்றாகத் தேறும் என்ற எண்ணம் 1930களில் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளில் செய்த ஆய்வுகளிலிருந்து பரவியது. அது கை கால் அசைவு பற்றியது. பரவலான பாதிப்பில், அதுவும் வலிப்பு சேர்ந்துவிட்டால், சின்ன வயதில் அடிபட்டது படிப்புக்குப் பெரும்பாலும் பாதகமாகவே முடிகிறது.

இனி மூன்று மாத மறதி. இதைத்தான் நான் அவசரமாகப் பார்க்கச் சொல்வேன்.

பகலில் ஒரு ஃபிட்ஸும் இல்லாமல், இரவு தூக்கத்தில் மட்டும் மூளையில் மின்கசிவு ஓயாமல் ஓடும் ஒரு நிலை உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளில் இ.எஸ்.இ.எஸ். என்று இருக்கும், 2022 முதல் உலக வலிப்புக் கழகம் இதற்கு டி.இ.இ.-ஸ்வாஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. பெரும்பாலும் நாலு முதல் எட்டு வயதுக்குள் தலைகாட்டும். பிறவிக்கால பாதிப்பு, குறிப்பாக மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் பகுதியில் அடி, இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். படித்தது மூளையில் பதிவது ஆழ்ந்த தூக்கத்தில். அந்த நேரம் முழுக்கக் கசிவு ஓடினால் பகலில் கற்றது தங்காது. கற்ற வேகம் குறைவது, கவனம் சிதறுவது, முன்பு வந்த வேலை வராமல் போவது, சிலருக்குப் பேச்சே குறைவது. கேட்டுப் புரிவதும் பேச்சும் மட்டும் கழன்றுபோகும் வடிவத்தை 1957ல் லாண்டௌ, கிளெஃப்னர் இருவரும் விவரித்தார்கள். அந்தக் குழந்தைகளைக் காது கேளாதவர்கள் என்றோ ஆட்டிசம் என்றோ எண்ணிவிடுவதுண்டு.

விழித்திருக்கும்போது எடுக்கும் இருபது நிமிட இ.இ.ஜி.யில் (மூளையின் மின் அலைப் பதிவில்) இது தெரியாமல் போகும். "தூக்க இ.இ.ஜி. வேண்டும், ஆழ்ந்த தூக்கம் வரும் வரை பதிவாக வேண்டும்" என்று கேளுங்கள். முடிந்தால் இரவு முழுவதும் வீடியோவோடு. பகலில் எடுப்பதானால் முதல் நாள் இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை விழிக்க வைத்து அதிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிடுங்கள். போகிற வழியில் பஸ்ஸில் தூங்கவிடக் கூடாது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். முந்தின நாளே ஷாம்பு போட்டுத் தலைகுளித்து, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை ஒட்டாது, பதிவு குப்பையாகும். காலை மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டரே சொன்னால் தவிர. தூங்க வைக்க மருந்து தேவைப்பட்டால் மெலடோனின் பதிவை அதிகம் கெடுக்காது; க்ளோபசாம் வகை மருந்துகள் கசிவையே மறைத்துவிடும். ரிப்போர்ட்டில் "அப்நார்மல்" என்ற ஒரு சொல் போதாது. ஆழ்ந்த தூக்கத்தில் எத்தனை சதவீத நேரம் கசிவு, விழிப்பில் எத்தனை சதவீதம் என்று எண்ணாக எழுதி வாங்குங்கள். பழைய வரையறை 85 சதவீதம். இப்போது 50க்கு மேல் போய், கூடவே கற்றலும் சரிந்திருந்தால் கவனிக்கிறார்கள்.

இருந்தால் வைத்தியம் உண்டு: ஸ்டீராய்டு, டயஸிபாம் அல்லது க்ளோபசாம், வால்ப்ரோயேட், சல்தியாம் என்று மருத்துவர் தேர்ந்தெடுப்பார். கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிட்டாயின் மூன்றும் சில குழந்தைகளுக்கு இந்தக் கசிவைக் கூட்டும் என்பதால், அண்மையில் இவற்றில் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதே சமயம், இ.இ.ஜி.யில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசிவு தெரிந்தால் அதைத் துடைத்தெடுக்க மருந்தை ஏற்றிக்கொண்டே போவது தப்பு. கற்றல் சரியாமல், கசிவு குறைவாக இருந்தால், மருந்தால் வரும் மந்தம்தான் மிஞ்சும்.

பகலில் ஐந்து, பத்து விநாடி வெறித்துப் பார்த்து நின்றுவிடும் அப்சென்ஸ் வகை ஃபிட்ஸையும் விலக்கிவிட வேண்டும். மருத்துவர் மூன்று நிமிடம் காகிதக் காற்றாடியை ஊதச் சொல்வார். பெரும்பாலும் அங்கேயே வந்துவிடும். பாடம் நடுவில் துண்டு துண்டாகக் காணாமல் போவது இதில் வழக்கம். வீட்டில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் விவரிப்பதைவிட மொபைலில் வீடியோ எடுப்பது மேல். முகமும் இரண்டு கையும் படத்தில் இருக்கட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்கட்டும்.

மருந்து. இதில் பயமும் அலட்சியமும் இரண்டுமே அதிகம். எல்லா வலிப்பு மருந்தும் மூளையை மந்தமாக்கும் என்பது சரியல்ல, ஆனால் சிலது செய்யும். முதல் குற்றவாளி ஃபினோபார்பிட்டோன் (கார்டினால் என்ற பெயரில் விற்பது). காய்ச்சல் ஃபிட்ஸ் வந்த 217 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 1990ல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டு இந்த மருந்து பெற்ற குழுவின் ஐ.க்யூ., வெற்று மருந்து பெற்ற குழுவைவிட 7 புள்ளி குறைந்தது; நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் 5 புள்ளி வித்தியாசம் நின்றது. மலிவான, உயிர் காக்கும் மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் பச்சைக் குழந்தைக்கு ஐ.சி.யூ.வில் தொடங்கிய கார்டினாலை, பழைய சீட்டைக் காட்டி வாங்கி நாலைந்து ஆண்டு ஓட்டுவதற்குக் காரணம் இல்லை. பிறந்த சமயத்துத் தற்காலிக ஃபிட்ஸ் அடங்கிவிட்டால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருந்தை நிறுத்தலாம் என்பதுதான் உலக வலிப்புக் கழகத்தின் இன்றைய வழிகாட்டல்.

டோபிரமேட்டில் வார்த்தை நாக்கு நுனியில் நின்று வராது, யோசனை மெதுவாகும். வால்ப்ரோயேட் கவனத்தைக் குறைக்கலாம்: அப்சென்ஸ் குழந்தைகள் 453 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2010ல் வந்த ஒப்பீட்டில், வால்ப்ரோயேட் எடுத்தவர்களில் 49 சதவீதத்தினருக்கும், அதே அளவு ஃபிட்ஸைக் கட்டுப்படுத்திய எத்தோசக்ஸிமைடு எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் கவனச் சிக்கல் இருந்தது. வழக்கத்துக்கு மீறித் தூங்கி வழிந்தால் ரத்த அமோனியாவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பெண் குழந்தை வயதுக்கு வரும் முன்பே வால்ப்ரோயேட்டை மாற்ற முடியுமா என்று பேசிவிடுவது நல்லது. லாமோட்ரிஜின் புத்திக்கு இலகுவானது; ஆனால் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் இன்னும் மெதுவாக, இல்லாவிட்டால் ஆபத்தான தோல் தடிப்பு வரும்.

உங்கள் மகள் எடுக்கும் இரண்டில், லெவிடிரசெட்டம் புத்தியைக் கெடுப்பது குறைவு, குணத்தைக் கெடுப்பது உண்டு: சிடுசிடுப்பு, அடிதடி, அழுகை. க்ளோபசாம் தூக்கம், வாயில் எச்சில் ஒழுகல், சிலருக்கு எதிர்மாறாகத் துறுதுறுப்பு தரும். காலையில் பெரிய டோஸ் போகிறதென்றால் முதல் இரண்டு பீரியட் அவளுக்குப் பாடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும் பங்கை இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். கடந்த நாலு மாதத்தில் மருந்து, அளவு, கம்பெனி எது மாறியது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, மறதி தொடங்கிய தேதியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் செய்யக் கூடாது: நீங்களாக நிறுத்துவது. க்ளோபசாமையோ ஃபினோபார்பிட்டோனையோ சட்டென்று நிறுத்தினால் நிற்காத ஃபிட்ஸ் வரும். அது இப்போதிருக்கும் பிரச்சினையைவிடப் பெரிய சேதம் செய்துவிட்டுப் போகும்.

கூடவே சில சில்லறை விஷயங்கள், சில்லறை என்றாலும் விலை அதிகம். இரவு குறட்டை, வாயால் மூச்சு என்றால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வளரும் சதை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரும்புச் சத்துக் குறைவு நம் குழந்தைகளிடம் சாதாரணம், அது மட்டுமே கவனத்தைக் கெடுக்கும். கவனக்குறைவு நோயும் இருக்கிறது என்று கண்டறிந்தால், "ஃபிட்ஸ் குழந்தைக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுக்கவே கூடாது" என்று பயப்பட வேண்டாம். ஃபிட்ஸ் கட்டுக்குள் இருக்கும்போது மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள்.

அடுத்தது ஐ.க்யூ. சோதனை, அதிகம் குழப்பும் இடம். ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு வராதீர்கள். உதாரணத்துக்கு, இந்தியக் குழந்தைகளுக்கான மாலின் ஐ.க்யூ. அளவுகோலில் ஒரு குழந்தைக்குச் சொல்வழித் திறன் 98, செயல்வழித் திறன் 68 என்று வந்தால் சராசரி 83. சீட்டில் "ஸ்லோ லேர்னர்" என்று எழுதிவிடுவார்கள். அந்த 83 அவளுடைய எந்தத் திறனையும் சொல்வதில்லை. காதால் கற்பதில் அவள் வயதுக்குச் சரியாக இருக்கிறாள், கண்ணால் கற்பதில் வெகு தூரம் பின்தங்கியிருக்கிறாள் என்பதுதான் செய்தி. அதிலும் செயல்வழிச் சோதனைகள் பெரும்பாலும் படம், கட்டை, நேரக் கணக்கு. பார்வைக் குறைபாடு உள்ளவளிடம் அவை புத்தியை அளக்கின்றனவா, பார்வையை அளக்கின்றனவா? சோதனை செய்பவரிடம் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை முதலிலேயே காட்டுங்கள். காலை நேரம், இரண்டு அமர்வாக. ஃபிட்ஸ் வந்த வாரத்திலும் மருந்து மாற்றிய மாதத்திலும் வேண்டாம். அளவுகோல் ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் தனித்தனியாக, அதோடு மூல மதிப்பெண்ணும் (வயதோடு ஒப்பிடும் முன் அவள் நேரடியாக வாங்கியது) எழுதி வாங்குங்கள்.

மூல மதிப்பெண் ஏன் என்றால், இரண்டு ஆண்டு கழித்து மறுபடி சோதிக்கும்போது ஐ.க்யூ. 83லிருந்து 75 ஆகலாம், வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். ஐ.க்யூ. என்பது அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பீடு. மூல மதிப்பெண் கூடியிருந்து ஐ.க்யூ. இறங்கியிருந்தால், அவள் வளர்கிறாள், மற்றவர்கள் இன்னும் வேகமாக வளர்கிறார்கள். மூல மதிப்பெண்ணே இறங்கியிருந்தால்தான் உண்மையான சரிவு. அப்போது மறுபடியும் தூக்க இ.இ.ஜி.

வளர வளரச் சரியாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தூக்கக் கசிவாலோ மருந்தாலோ வந்த மறதி என்றால், சீக்கிரம் பிடித்தால் பெரும் பங்கு மீளும். நீண்ட நாள் ஓடவிட்டால் மீள்வது குறையும். பழைய பாதிப்பால் வந்த பார்வைச் சிக்கல் முழுதாக மறைவதில்லை. ஆனால் வழி கற்றுக்கொள்வாள், நெரிசலைச் சமாளிப்பாள். எதிர்த் திசையிலும் ஒன்று நடக்கும்: ஐந்தாம், ஆறாம் வகுப்பில் பாடம் நீளும்போது, தானாகத் திட்டமிடுவது, நோட்டு ஒழுங்கு, பல படிக் கணக்கு என்று மூளையின் முன்பகுதியிடம் புதிய வேலைகள் வரும். அதுவரை தெரியாத குறை அப்போதுதான் தெரியும். புதிதாக ஏதோ நோய் வந்துவிட்டது என்று அலைய வேண்டாம். அந்தக் கட்டத்துக்கு முன்பே ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் ஃபிட்ஸ் நிற்காத குழந்தைகளின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால்: மூன்றாவது, நாலாவது மருந்து என்று ஆண்டுகளைக் கரைக்காமல் அறுவைச் சிகிச்சை மதிப்பீட்டுக்குக் கேளுங்கள். மூளையின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் வலிப்பு அறுவைச் சிகிச்சை நடக்கிறது.

பள்ளி, சான்றிதழ் பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பெருமூளை வாதம், நாட்பட்ட நரம்பியல் நிலை எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலான சலுகைக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆனால் 2018ல் வந்த மதிப்பீட்டு நெறிகளின்படி (2024ல் இவை திருத்தப்பட்டன, இப்போதைய விதியை மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்) கற்றல் குறைபாட்டுக்கு ஐ.க்யூ. 85க்கு மேல், வயது எட்டு ஆகியிருக்க வேண்டியிருந்தது. அறிவுசார் குறைபாட்டுக்கு 70க்குக் கீழே. நடுவில் 70 முதல் 85 வரை விழுந்த குழந்தைக்கு இரண்டும் கிடைக்காமல் போனது, வலிப்புக் குழந்தைகளில் பலர் இந்த நடுவில்தான். மேலே சொன்ன மாதிரி சராசரி எண்ணை மட்டும் எழுதிய ரிப்போர்ட் இங்கேதான் வாழ்க்கையைக் கெடுக்கிறது. கை கால் இறுக்கம் சிறிதாவது இருந்தால் பெருமூளை வாதம் வழியிலும், இல்லாவிட்டால் பார்வைக் குறைபாடு, நாட்பட்ட நரம்பியல் நிலை வழியிலும் மருத்துவக் குழுவிடம் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு, சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். ஒன்பதாம் வகுப்பில் ஓடுவதைவிட இப்போதே ஒரு கோப்பு போட்டு, பிறப்புக்கால டிஸ்சார்ஜ் சம்மரி முதல் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். மதிப்பீடும் பயிற்சியும் ஒரே இடத்தில் வேண்டுமானால் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது.

மூளை டானிக், நினைவாற்றல் சிரப், வல்லாரை லேகியம் பற்றி: அடிபட்ட இடத்தைச் சரிசெய்யும் என்று நிரூபணம் எதுவும் இல்லை. காசு போனால் போகட்டும், அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் கவலை. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்டால், முறையான ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்வதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை ஏற்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது தூக்க இ.இ.ஜி.க்குத் தேதி வாங்குவதும், மருந்துத் தேதிகளை எழுதுவதும். எழுத்து அட்டைச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை செய்துவிடலாம். ஐ.க்யூ. சோதனை இ.இ.ஜி. முடிவுக்குப் பிறகு வரட்டும். வைத்தியம் மாறினால் அது நிலைபெற்று ஒன்றிரண்டு மாதம் கழித்து. இடையில் பேச்சு குறைந்தாலோ, சொன்னது காதில் விழாத மாதிரி இருந்தாலோ, எச்சில் திடீரென்று ஒழுகத் தொடங்கினாலோ, நடையில் தள்ளாட்டம் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.